ஆறாம் பெட்டியிலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஆறாம் பெட்டி, திரையின் கீழ்வரிசை, ஓடும் எழுத்துகளுக்குச் சற்று மேலே.

பெறுநர்: உயர்திரு ஆசிரியர் குழுவினர், இரவு எட்டு மணி விவாத அரங்கம்.

பொருள்: பெட்டி தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் – பறையைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

போன வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை இரவு தங்கள் தொலைக்காட்சியில் 58 நிமிடம் நான் இருந்தேன். அதில் 47 விநாடி பேசினேன். கணக்கு என்னுடையது அல்ல. எட்டாவது படிக்கும் என் மகள் ஊரில் உட்கார்ந்துகொண்டு அவள் அம்மாவின் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எடுத்தது. அந்த 47-இல் "சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்பது மட்டும் ஆறு தடவை. அதைக் கழித்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம்மா, அப்புறம் ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கம் பெட்டி என்றால் பல பொருள். ஆர்மோனியத்துக்குப் பெட்டி என்று பேர். தேர்தல் அன்று ஓட்டுப் பெட்டி, அதற்கு முந்தின ராத்திரி வேறொரு பெட்டி. கடைசியில் ஆளுக்கு ஒரு பெட்டி, அதற்கு முன்னால் நடந்து அடிக்கத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். தாங்கள் அருளிய பெட்டி இந்த வரிசையில் எங்கே சேரும் என்று பதினோரு நாளாக யோசிக்கிறேன்.

தங்கள் விருந்தினர் ஒருங்கிணைப்பாளர் போனில் பேசியபோது தேனாகப் பேசினார். எங்கள் ஊர் ஏரியில் குப்பை கொட்டுவதை எதிர்த்துத் தாலுகா ஆபீஸ் வாசலில் நாங்கள் பாடிய பாட்டை யாரோ செல்போனில் எடுத்துப் பரப்பியிருந்தார்கள். அதற்காக எங்கள் மேல் ஒரு வழக்கும் இருந்தது. "சார், பறையோட வாங்க. விஷுவலா நல்லா இருக்கும்" என்றார். வந்தேன். துறையூரிலிருந்து பெரம்பலூர், பெரம்பலூரிலிருந்து கிளாம்பாக்கம். கிளாம்பாக்கத்திலிருந்து தங்கள் நிலையத்துக்கு வர ஆன நேரத்தில் இன்னொரு மாவட்டத்துக்கே போயிருக்கலாம், அது தங்கள் குற்றம் அல்ல.

வாசலில் காவலர் பறையைப் பார்த்தார். "இது என்ன ஐட்டம்ணே?" என்றார். பறை என்றேன். சவுண்டு வர்ற பொருளை மேலே விட அனுமதி இல்லை என்றார். பிறகு ஒரு நீளமான பேரேட்டைத் திறந்து, பேனாவை உதறி, யோசித்து, எழுதினார்: 'தோல் தட்டு – 1. குச்சி – 2.' பறை வரவேற்பறையிலேயே தங்கிவிட்டது. ஒரு விதத்தில் பொருத்தம்தான், அந்தச் சொல்லிலேயே பறை இருக்கிறதே.

மாடியில் எனக்கு முகத்துக்கு மாவு பூசி, பச்சைத் துணி கட்டிய ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். நெறியாளர் அமர்ந்திருந்த அரங்கம் அடுத்த கதவு. அவர் ஒரு தடவை தும்மினார். முதலில் சுவர் வழியாகக் கேட்டது. இரண்டு விநாடி கழித்துக் காதில் சொருகிய கருவி வழியாக மறுபடி தும்மினார். 300 கிலோமீட்டர் வந்தவனைப் பத்தடி தள்ளி உட்காரவைத்து, பெட்டி வழியாகப் பேசவைத்த தங்கள் தொழில்நுட்பத்தை ஊரில் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

திரையில் ஏழு பெட்டி. முதல் பெட்டி நெறியாளர். இரண்டும் மூன்றும் கட்சிக்காரர்கள். நாலு அரசியல் விமர்சகர். ஐந்து மூத்த பத்திரிகையாளர். ஆறு நான். என் பேருக்குக் கீழே 'நாட்டுப்புற ஆர்வலர்' என்று போட்டிருந்தீர்கள். நாட்டுப்புறத்தான்தான் நான், மறுக்கவில்லை. ஆனால் ஆர்வலர்? குளத்து மீனை 'நீச்சல் ஆர்வலர்' என்று போடுவீர்களா? ஏழாவது பெட்டியிலும் நானே இருந்தேன் என்பதை வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். தாலுகா ஆபீஸ் வாசலில் நான் வாய் திறந்து பாடும் காட்சி, சத்தத்தை எடுத்துவிட்டு, திரும்பத் திரும்ப ஓடியது. ஆறாம் பெட்டியில் பேசாமல் இருக்கிறேன், ஏழாம் பெட்டியில் சத்தமில்லாமல் பாடுகிறேன். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு விதமாக ஊமையாக்குவது எல்லாருக்கும் கைவருகிற வித்தை இல்லை.

பறைக்குத் தங்கள் அரங்கில் இடமே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு முழக்கம் அதிர்கிறதே, அது பறைதான். கீபோர்டில் யாரோ ஒரு விரலால் அழுத்திய பறை. அதற்குக் கேட் பாஸ் தேவைப்படவில்லை.

தலைப்பு: 'போராட்டப் பாடல்: கலையா? கலவரமா?' நெறியாளர் என்னிடம் வந்தார். "சுருக்கமா, ஆமா இல்லன்னு சொல்லுங்க. உங்க பாட்டு கலவரத்தைத் தூண்டுதா இல்லையா?" சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா, என்று தொடங்கினேன். அப்போதுதான் இரண்டாம் பெட்டிக்காரர் குறுக்கே வந்தார். "பறைக்குப் பத்மஸ்ரீயே குடுத்தாச்சு, இன்னும் என்ன போராட்டம்?" என்றார். 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குக் கொடுத்ததைச் சொல்கிறார். கொடுத்தது உண்மை, எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஒருவருக்கு விருது கொடுத்துவிட்டால் எங்கள் ஏரியில் குப்பை கொட்டலாம் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "பாட்டாங்க அது? சாவு மேளம்" என்றார்.

நாலாம் பெட்டி சிரித்தது. ஐந்தாம் பெட்டி சிரித்தது. நெறியாளர் சிரிப்பை அடக்கினார், அடக்கியது தெரிந்தது. "ஒரு சின்ன இடைவேளை" என்றார்.

சாவு மேளம்தான், ஐயா. என் அப்பா அடித்தது சாவுக்குத்தான். விரும்பிப் போய் அடிக்கவில்லை. ஊரில் யார் செத்தாலும் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓட வேண்டும். பிணம் எடுக்கும்வரை வாசலில், வெயிலில் நின்று அடிக்க வேண்டும். முடிந்ததும் தள்ளி நின்று, குனிந்து, போட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும். இனிமேல் அடிக்க மாட்டோம் என்று சொன்ன ஊர்களில் என்ன நடந்தது என்பது தங்கள் செய்திப் பிரிவுக்குத் தெரியும். அந்த வாசலிலிருந்து பறையைப் பிடுங்கி மேடைக்குக் கொண்டுவர ஒரு தலைமுறையின் ஆயுசு போயிருக்கிறது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-இல் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அந்த நெருப்பிலிருந்து இன்குலாப் ஒரு பாட்டு எழுதினார். கே.ஏ. குணசேகரன் அதைப் பறையோடு ஊர் ஊராகப் பாடினார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்னைப் போன்றவர்கள் நிமிர்ந்து நின்று குச்சியைப் பிடித்தோம். இரண்டாம் பெட்டிக்காரர் ஒரே சொல்லில் எங்களைத் திரும்பவும் அதே சாவு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நீங்கள் அதற்கு விளம்பரம் போட்டீர்கள். என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். 'தாங்கள்' என்பது நடுவில் 'நீங்கள்' ஆகிவிட்டது. பெட்டிப் பாம்பு கொஞ்சம் தலை தூக்கிவிட்டது, மூடியைப் போட்டுவிட்டேன். தாங்கள் விளம்பரத்துக்குப் போனது நியாயம்தான். கட்டிட முறுக்குக் கம்பிக்கும் ஒரு குரல் வேண்டாமா?

தங்களைப் போன்ற பெரிய நிலையங்கள் பாட்டைக் கண்டு பயந்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் பீட் சீகர் என்று ஒருவர், பாஞ்சோ வைத்துக்கொண்டு நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிறவர். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி 17 வருடம் பெரிய டி.வி. நிறுவனங்கள் அவரைக் கிட்டே சேர்க்கவில்லை. 1967 செப்டம்பரில் சி.பி.எஸ். நிறுவனத்தில் ஸ்மதர்ஸ் சகோதரர்கள் நடத்திய நிகழ்ச்சிக்கு ஒருவழியாக அழைத்தார்கள். ஆழம் தெரியாத ஆற்றில் தன் படையை இறங்கச் சொல்லும் ஒரு முட்டாள் அதிகாரியைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். வியட்நாம் என்ற சொல்லே அதில் கிடையாது. ஆனால் அந்த அதிகாரி யார் என்று சி.பி.எஸ். அதிகாரிகளுக்கு உடனே புரிந்தது. பாட்டைக் கத்தரித்து எறிந்துவிட்டு மிச்சத்தை ஒளிபரப்பினார்கள். சகோதரர்கள் பத்திரிகைகளிடம் போய்ச் சத்தம் போட, 1968 பிப்ரவரியில் அவரையே திரும்ப அழைத்து அதே பாட்டை முழுசாகப் பாடவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கத்தரிக்கோல். ஒரு பாட்டைக் கத்தரிக்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கேட்க வேண்டும். கேட்டு, புரிந்து, பயப்பட வேண்டும். எவ்வளவு மரியாதை!

நம்மூரிலும் அந்த மரியாதை உண்டு. மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர் கோவன், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காக 2015 அக்டோபர் 30 அன்று திருச்சியில் கைது செய்யப்பட்டார். 124ஏ, தேசத்துரோகம். ஒரு பாட்டுக்குத் தேசத்துரோக வழக்குப் போட வேண்டுமானால் போலீஸ்காரர்கள் அதை வரி வரியாகக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். அவர்களைவிட நல்ல ரசிகர்கள் எங்களுக்கு வாய்த்ததில்லை. அடுத்த மே மாதமே அரசு தன் கையாலேயே 500 டாஸ்மாக் கடைகளை மூட உத்தரவிட்டது. மூடு என்று பாடினால் துரோகம், மூடு என்று கையெழுத்துப் போட்டால் சாதனை. 2018 ஏப்ரலில் வேறொரு பாட்டுக்காக அவரை மறுபடி கைது செய்தார்கள். அப்போதும் பாட்டைக் கேட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் முறை இதைவிட மேன்மையானது. தடை கிடையாது, கத்தரிக்கோல் கிடையாது, லாக்கப் கிடையாது. பெட்டி. அவ்வளவுதான். பெட்டிக்குள் உட்காரவைத்து, பக்கத்தில் ஐந்து பேரைக் கத்தவிட்டு, கீழே தங்கம் விலையை ஓடவிட்டால் போதும். பாட்டைத் தடுத்தார்கள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அழைத்தார்கள், மாவு பூசினார்கள், டீ கூடக் கொடுத்தார்கள். சி.பி.எஸ். அதிகாரிகள் உயிரோடு இருந்தால் தங்களிடம் வந்து பாடம் படித்துவிட்டுப் போகலாம்.

பாட்டுக்கும் வாக்குவாதத்துக்கும் சம்பந்தமில்லை என்று தங்கள் குழுவில் யாராவது நினைக்கலாம். தஞ்சாவூர்ப் பக்கம் காமன் பண்டிகை சமயத்தில் லாவணி என்று ஒன்று நடக்கும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே பேர். கையில் டேப் வாத்தியம் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பாட்டிலேயே சண்டை போடுவார்கள். குத்தல் இருக்கும், கிண்டல் இருக்கும், வம்புக்கு இழுப்பதும் இருக்கும். எவனும் சாது இல்லை. ஆனால் ஒரு கட்சி பாட்டில் கேள்வி போட்டால் அடுத்த கட்சி அந்தக் கேள்விக்குத்தான் பாட்டில் பதில் சொல்ல வேண்டும். கேள்வியைக் காதில் வாங்காதவனால் பதில் கட்ட முடியாது. பதில் கட்டத் தெரியாமல் குரலை மட்டும் உயர்த்தினால் கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவியே "உக்காருடா" என்றுவிடும். மன்மதன் எரிந்தானா என்பது இன்றுவரை தீரவில்லை. தங்கள் அரங்கிலும் எதுவும் தீர்வதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மரபைக் காப்பாற்றுகிறீர்கள்.

எங்கள் குழுவில் இன்னும் ஒரு வழக்கம் உண்டு. முன்பாட்டுக்காரன் ஒரு வரி பாடினால், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். வாங்குவது என்றுதான் சொல்வோம். ஒருவன் சொன்னதை இன்னொருவன் கீழே விழாமல் வாங்க வேண்டும். புதிதாக வரும் பையன்களுக்கு ஆறு மாதம் பின்பாட்டுத்தான். தங்கள் ஏழு பெட்டியிலும் முன்பாட்டுக்காரர்கள் மட்டுமே இருக்கிறார்கள். வாங்க ஓர் ஆளில்லை. (ஏழாம் பெட்டியிலிருந்த நானும் முன்பாட்டுத்தான், சத்தம்தான் இல்லை.)

டி.வி.யில் எல்லாக் காலத்திலும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. தூர்தர்ஷனில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. நேயர்கள் எழுதிய கடிதங்களை வாசித்து நிலையத்தாரே பதில் சொல்வார்கள். குறை சொன்ன கடிதத்தையும் வாசித்துவிட்டு ஆவன செய்வதாகச் சொல்வார்கள். ஆவன ஒன்றும் ஆகாது, வாசித்ததே பெரிது. பிறகு விசுவின் அரட்டை அரங்கத்தில் ஊர்ப் பெண்கள் மைக்கைப் பிடித்து அழுதுகொண்டே பேசியதைத் தெருவே கூடிப் பார்த்தது. அதில் நாடகம் இருந்தது, கண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, எனக்கு முழுக்கப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பேசுகிற அம்மாவின் முகத்தை இன்னொரு முகம் மறைக்காது. அன்று பெட்டி ஒன்றே ஒன்று. அதற்குள் ஓர் ஆள் முழுசாகத் தெரிந்தார்.

அந்தச் சின்ன இடைவேளைக்கு வருகிறேன். நாலு நிமிடம் பத்து விநாடி, இதுவும் மகள் கணக்கு. பச்சைத் துணி அறையில் நானும் கேமரா பார்க்கும் தம்பி ஒருவனும் மட்டும். அவன் என்னைப் பார்க்காமல் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்குக் கை நடுங்கியது. நடுக்கம் நிற்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். பறை கீழே இருந்ததால் நாற்காலிக் கையைத் தட்டி ஏரிப் பாட்டை எடுத்தேன். இரண்டாவது அடியில் தம்பி ஒயரைக் கீழே வைத்தான். மூன்றாவது அடியில் கேமராக் காலில் விரலால் தாளம் போட ஆரம்பித்தான், சரியான இடத்தில் விழுந்தது. நாலாவதில் வரியை வாங்கிப் பாடினான். அவனுக்கு அந்தப் பாட்டுத் தெரியாது, ஒருமுறை கேட்டதை வாங்கினான், அவ்வளவுதான். முழுப் பாட்டும் முடிந்தது. "அண்ணே, அருமையா இருக்குண்ணே. ஆனா நாம ஆன் ஏர்ல இல்லண்ணே" என்றான். அவன் பேரைச் சொல்ல மாட்டேன், வேலைக்கு ஆபத்து.

இடைவேளை முடிந்து திரும்பி வந்தபோது தலைப்பு மாறியிருந்தது. யாரோ ஒரு நடிகர் எந்தக் கூட்டணிக்குப் போகிறார் என்று பிரேக்கிங் நியூஸ். என்னை எழுந்துபோகச் சொல்ல ஒருவருக்கும் நினைவில்லை. மிச்ச 21 நிமிடமும் அந்த நடிகரின் கூட்டணி பற்றி 'நாட்டுப்புற ஆர்வலர்' ஆகப் பெட்டியிலேயே இருந்தேன். ஊரில் சிலர், கூட்டணி விஷயத்தில் நான் மௌனம் காத்தது பக்குவமாக இருந்தது என்று பாராட்டினார்கள்.

இப்போது விண்ணப்பம். அன்று இரவு நிகழ்ச்சி முடிந்ததும் கீழே வந்து பறையைக் கேட்டேன். பொருளை வெளியே விட ஒருங்கிணைப்பாளர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும் என்றார்கள். ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்குப் போய்விட்டார், போன் எடுக்கவில்லை. கடைசிப் பேருந்தை விட்டுவிடுவேன் என்று காவலரிடம் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர், பேரேட்டைத் திறந்து காட்டினார். 'தோல் தட்டு – 1' என்று இருக்கிறது, பறை என்று ஒன்று உள்ளே வந்ததாகவே பதிவு இல்லையே அண்ணே, நான் எதை எடுத்துத் தருவேன் என்றார். அதற்குப் பிறகு எட்டுத் தடவை போன் செய்துவிட்டேன்.

அது என் அப்பாவின் பறை. வேப்பங்கட்டை அவர் காலத்தது, தோல் மட்டும் நான் மாற்றியது. ஏசிக் குளிரில் தோல் தொய்ந்துபோகும். யாரும் அதன்மேல் டீ கிளாஸ் வைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். ரூபாய் கேட்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, இன்னொரு பெட்டி கண்டிப்பாகக் கேட்கவில்லை. கேட் பாஸில் மட்டும் 'பறை' என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வாங்கியதும் தங்கள் வாசலுக்கு வெளியே, ரோட்டோரமாக, நாலு பழைய செய்தித்தாளைக் கொளுத்துவேன். பதற வேண்டாம், பிரேக்கிங் போட வேண்டாம், தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டாம். தொய்ந்த பறையைக் காய்ச்சுவது அப்படித்தான். தீப்பெட்டி நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் பெட்டி